கார் ப்ளோயர் பழுதை நீங்களே கண்டறிந்து சரிசெய்ய: ஒரு முழுமையான வழிகாட்டி

ஊட்டியில் இருப்பவர் ஹீட்டர் வரவில்லை என்பார். சென்னையில் இருப்பவர் ஏசியில் காற்று வரவில்லை என்பார். பெரும்பாலான கார்களில் இருவரும் குறை சொல்வது ஒரே பொருளைத்தான். டேஷ்போர்டுக்குள் இருக்கும் ஒரே ப்ளோயர் தள்ளும் காற்றுதான் கூலிங் காயிலின் வழியாகவும், என்ஜினின் சூடான கூலன்ட் ஓடும் ஹீட்டர் காயிலின் வழியாகவும் வந்து உங்கள் முகத்தில் படுகிறது. அது நின்றுபோனால் குளிரும் இல்லை, சூடும் இல்லை. மழைக்காலத்தில் முன்கண்ணாடியில் படியும் நீராவியைப் போக்கவும் வழியில்லை. மலைப்பாதையிலோ அடைமழையிலோ வண்டி ஓட்டுபவருக்கு அது பாதுகாப்புப் பிரச்சினையாகவே ஆகிவிடும்.

பதினோரு ஆண்டுப் பழைய என் ஹேட்ச்பேக் காரில் ஒருநாள் 1, 2, 3 ஆகிய வேகங்கள் நின்று, 4-ஆம் வேகம் மட்டும் வேலை செய்தது. பட்டறையில், ப்ளோயரின் வேகத்தைக் குறைக்கும் ரெசிஸ்டரை மாற்றிக் கொடுத்தார்கள். ஐந்து வாரத்தில் அதே பழுது திரும்ப வந்தது. இரண்டாவது முறை நானே கழற்றிப் பார்த்தபோதுதான், ரெசிஸ்டரைக் கொன்ற குற்றவாளி வேறெங்கோ இருப்பது தெரிந்தது. ஆகவே இந்த வழிகாட்டியில் எந்தப் பொருள் செத்தது என்பதோடு நிற்காமல், அது ஏன் செத்தது என்பதையும் ஒவ்வொரு இடத்திலும் கேட்டுக்கொண்டே போகப் போகிறேன். இங்கே சொல்வது கையால் திருகும் நான்கு வேகக் குமிழ் உள்ள கார்களுக்கு முழுமையாகப் பொருந்தும். ஆட்டோமேட்டிக் ஏசி உள்ளவற்றுக்கு எங்கே மாறுபடும் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

மின்சாரம் போகும் பாதை

பேட்டரியிலிருந்து கிளம்பும் 12 வோல்ட் மின்சாரம் ஃப்யூஸ், ரிலே (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தை இயக்கும் சுவிட்ச்) ஆகியவற்றைத் தாண்டி மோட்டாருக்கு வருகிறது. ஜப்பானிய வடிவமைப்பில் வந்த பல கார்களில் அது மோட்டாரைக் கடந்த பிறகுதான் ரெசிஸ்டருக்குப் போய், அங்கிருந்து வேகக் குமிழின் சுவிட்ச் வழியாகக் கார் பாடியில், அதாவது எர்த்தில், போய்ச் சேரும். அதாவது சுவிட்ச் இருப்பது எர்த் பக்கத்தில். வேறு சில கார்களில் சுவிட்சும் ரெசிஸ்டரும் மோட்டாருக்கு முன்பே, பாசிட்டிவ் பக்கத்தில் இருக்கும். உங்கள் கார் எந்த வகை என்று தெரியாமல் மல்டிமீட்டரை (வோல்ட், ஓம் அளக்கும் கருவி) வைத்தால், காட்டும் எண் சரியாகவே இருந்தும் நீங்கள் எடுக்கும் முடிவு தவறாகிவிடும்.

ரெசிஸ்டர் என்பது சுருள் கம்பிகளோ பீங்கான் தகடோ உள்ள ஒரு சிறு பொருள். முதல் வேகத்தில் மின்சாரம் அதன் எல்லாச் சுருள்களையும் கடந்து போகிறது; வேகம் கூடக் கூடச் சுருள்கள் குறைகின்றன; 4-ஆம் வேகத்தில் ரெசிஸ்டரைத் தொடாமலேயே மின்சாரம் நேராகப் போய்விடுகிறது. வேகத்தைக் குறைப்பதற்காக அது மின்சாரத்தை வெப்பமாக மாற்றுவதால், அதைக் குளிர்விக்க ப்ளோயரின் காற்று ஓடும் பாதையிலேயே அதைப் பொருத்தியிருக்கிறார்கள். அளவுக்கு மீறிச் சூடானால் உருகித் தொடர்பை அறுக்கும் ஒரு வெப்ப ஃப்யூஸும் அதில் இருக்கும்.

முதல் படி: கருவியை எடுக்கும் முன் காதைக் கொடுங்கள்

சாவியைத் திருப்பி, நான்கு வேகங்களையும் ஒவ்வொன்றாக வைத்துப் பாருங்கள். 4-ஆம் வேகம் மட்டும் ஓடினால் ரெசிஸ்டரின் வெப்ப ஃப்யூஸ் போயிருக்கிறது என்று ஏறக்குறைய உறுதியாகவே சொல்லலாம். நடுவில் ஒரேயொரு வேகம் மட்டும் இல்லையென்றால், குமிழுக்குப் பின்னால் உள்ள சுவிட்சின் ஒரு தொடுமுனை கருகியிருக்கலாம், அல்லது ரெசிஸ்டரில் ஒரு சுருளின் இணைப்பு விட்டிருக்கலாம். நான்கும் இல்லையென்றால் ஃப்யூஸ், ரிலே, மோட்டார், கனெக்டர், எர்த் ஆகிய ஐந்தும் சந்தேகப் பட்டியலில் வரும். க்ளவ் பாக்ஸின் அடியில் கையால் இரண்டு தட்டுத் தட்டியதும் மோட்டார் ஓடத் தொடங்கினால், கார்பன் பிரஷ் (மோட்டாரின் சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் கரித்துண்டு) தேய்ந்துவிட்டது என்று பொருள். அந்த மோட்டாருக்கு இன்னும் சில வாரங்கள்தான் ஆயுள்.

சத்தமும் நிறையச் சொல்லும். ‘கிரீச்’ என்ற ஒலி காலையில் முதன்முறை போடும்போது அதிகமாகக் கேட்டால் புஷ் (மோட்டாரின் தண்டு சுழலும் உலோக வளையம்) உலர்ந்திருக்கிறது. ‘டிக் டிக்’ என்ற ஒலி வேகத்தோடு சேர்ந்து கூடினால் ஏதோ இலையோ தாளோ விசிறியின் இதழில் உரசுகிறது. வண்டியே அதிர்வது போன்ற நடுக்கம் இருந்தால் விசிறியின் ஒரு பக்கத்தில் மட்டும் அழுக்கோ எலி கொண்டுவந்த பஞ்சோ அடைந்து எடை மாறியிருக்கிறது.

இரண்டு பழுதுகள் ப்ளோயர் பழுதைப் போலவே வேடம் போடும். மோட்டாரின் இரைச்சல் பலமாகக் கேட்டும் காற்று மெலிதாக வந்தால் உள்ளே வரும் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டர் அடைத்திருக்கிறது. நெடுஞ்சாலையில் அரைமணி நேரம் நன்றாக இருந்துவிட்டு, பிறகு காற்று மெல்ல மெல்லக் குறைந்து, ஏசியை மட்டும் நிறுத்திப் பத்து நிமிடம் கழித்து மீண்டும் நன்றாக வந்தால் கூலிங் காயிலில் பனி கட்டுகிறது. பின்னது ஏசி மெக்கானிக்கின் வேலை. ப்ளோயரைக் கழற்றி எந்தப் பயனும் இல்லை.

இரண்டாவது படி: ஃப்யூஸும் ரிலேயும்

காரின் கையேட்டில் ஃப்யூஸ் பெட்டியின் படத்தைப் பார்த்து ப்ளோயருக்கு உரிய ஃப்யூஸை எடுங்கள். அது பெரும்பாலும் 20 முதல் 40 ஆம்பியர் வரையிலான ஒன்றாக இருக்கும். எரிந்திருந்தால் அதே அளவுள்ள புதியதை ஒரே ஒரு முறை போட்டுப் பாருங்கள். அதுவும் உடனே போனால் கம்பி எங்கோ உரசி ஷார்ட் ஆகிறது, அல்லது மோட்டார் சுழலாமல் இறுகிவிட்டது. பெரிய ஃப்யூஸைப் போட்டுச் சமாளிப்பது, அந்த ஃப்யூஸ் காப்பாற்ற வேண்டிய கம்பியையே ஃப்யூஸாக மாற்றுவதாகும். ரிலேயைச் சோதிக்க, அதே பெட்டியில் அதே எண் கொண்ட இன்னொரு ரிலே இருந்தால் இரண்டையும் இடம் மாற்றிப் பார்த்தாலே போதும்.

மூன்றாவது படி: மோட்டாரின் கனெக்டரில் அளப்பது

இடது பக்க இருக்கையின் முன்னால் தரையில் படுத்து, டார்ச் அடித்து, டேஷ்போர்டின் அடியில் பாருங்கள். உருண்டையான மோட்டாரின் அடிப்பாகமும் அதில் செருகிய இரண்டு கம்பிக் கனெக்டரும் பல கார்களில் கழற்றாமலேயே தெரியும். தெரியாவிட்டால் க்ளவ் பாக்ஸை இறக்க வேண்டும்: உள்ளே உள்ளதை எடுத்துவிட்டு, இரண்டு பக்கச் சுவர்களையும் உள்நோக்கி அழுத்தினால் அது தானாகக் கீழே தொங்கும், பக்கத்தில் ஒரு சிறு டேம்பர் கயிறோ தண்டோ இருந்தால் அதை முதலில் விடுவித்துக்கொள்ளுங்கள். அந்தப் பகுதியில் மஞ்சள் உறையிட்ட கம்பியோ மஞ்சள் கனெக்டரோ இருந்தால் அது ஏர்பேக்குடையது. அதில் மீட்டர் முனையை வைக்கவே கூடாது.

கனெக்டரைக் கழற்றாமல், கம்பி நுழையும் பின்பக்கத்திலிருந்து மல்டிமீட்டரின் முனைகளைச் செருகி, குமிழை 4-இல் வைத்து, மோட்டாரின் இரண்டு முனைகளுக்கும் இடையே அளந்து பாருங்கள். 12 வோல்ட்டை ஒட்டி இருந்தும் மோட்டார் ஓடவில்லையென்றால் மோட்டார் பழுது. வோல்ட் இல்லையென்றால், மீட்டரின் கருப்பு முனையைக் கார் பாடியில் பெயின்ட் இல்லாத ஒரு போல்ட்டில் வைத்து, சிவப்பு முனையால் மோட்டாரின் இரு முனைகளையும் தனித்தனியே தொடுங்கள். எர்த் பக்கம் சுவிட்ச் உள்ள காரில் இரண்டிலுமே 12 வோல்ட் காட்டினால், மின்சாரம் மோட்டாரைத் தாண்டி வந்து அதற்கப்பால் வழியில்லாமல் நிற்கிறது; மோட்டாரை விட்டுவிட்டு சுவிட்ச், எர்த் ஆகியவற்றைப் பாருங்கள். ஒன்றில் 12, மற்றதில் சுழியம் என்றால் மோட்டாரின் உள்ளேயே தொடர்பு அறுந்திருக்கிறது. இரண்டிலுமே சுழியம் என்றால் மின்சாரம் மோட்டார் வரை வரவே இல்லை, ரிலேக்குத் திரும்புங்கள்.

மல்டிமீட்டரை மட்டும் நம்பினால் ஏமாறக்கூடிய ஓர் இடம் உண்டு. ஒரு நூலிழை மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும் கம்பியும் மீட்டரில் 12 வோல்ட்டை முழுதாகக் காட்டும், ஏனெனில் மீட்டர் இழுக்கும் மின்சாரம் மிக மிகச் சொற்பம். அதனால் கனெக்டரைக் கழற்றிவிட்டு, ஒரு பழைய 55 வாட் ஹெட்லைட் பல்பைக் கம்பி கட்டி, கனெக்டரின் இரு முனைகளிலும் பொருத்திப் பாருங்கள். பல்ப் நாலரை ஆம்பியருக்கு மேல் இழுக்கும். பளிச்சென்று எரிந்தால் பாதை நல்லது. மங்கலாக எரிந்தால் எங்கோ இணைப்பு தளர்ந்திருக்கிறது.

கருகிய கனெக்டர்

ப்ளோயர் பழுதில் அதிகம் கவனிக்கப்படாத குற்றவாளி இதுதான். மோட்டார் 20 ஆம்பியர் இழுக்கும்போது, கனெக்டரின் ஒரு முனையில் துருவாலோ தளர்வாலோ 0.1 ஓம் தடை ஏற்பட்டால் அந்த ஓரிடத்தில் 2 வோல்ட் வீணாகி, 40 வாட் வெப்பம் உண்டாகிறது. நம் வீட்டுச் சால்டரிங் அயர்ன்களில் பல 25 வாட்தான். அதைவிடச் சூடான ஒன்று பிளாஸ்டிக் உறைக்குள் மணிக்கணக்கில் இருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. என் காரில் கனெக்டரின் வெள்ளைப் பிளாஸ்டிக் ஒரு பக்கம் மட்டும் தேன்நிறமாகி, அதையொட்டிய கம்பியின் உறை விரல் நீளத்துக்கு விறைத்து, வளைத்ததும் மொறுமொறுவென உதிர்ந்தது.

இப்படி இருந்தால் சுரண்டிச் சுத்தம் செய்து திரும்பச் செருகுவதால் பயனில்லை. சூடு கண்ட பித்தளை முனை இறுக்கத்தை இழந்துவிடும். கம்பியை நல்ல செம்பு தெரியும் இடம் வரை வெட்டிவிட்டு, பழைய கம்பியின் தடிமனுக்குக் குறையாத கம்பியுடன் கூடிய புதுக் கனெக்டரைக் கிரிம்ப் செய்து (உலோக முனையை இடுக்கியால் நசுக்கி இணைத்து), மேலே சூடு பட்டால் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போடுங்கள். முறுக்கி டேப் சுற்றும் பழக்கம் இந்த அளவு மின்சாரம் ஓடும் இடத்துக்கு ஆகாது.

நான்காவது படி: ரெசிஸ்டரைக் கழற்றிச் சோதிப்பது

இங்கிருந்து கழற்றும் வேலை தொடங்குகிறது. சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் கம்பியை அகற்றி, ஏர்பேக் உள்ள காரில் கையேடு சொல்லும் நேரம் காத்திருங்கள். கையேடு இல்லையென்றால் பத்து நிமிடமாவது பொறுங்கள். ஆடியோவுக்குக் குறியீட்டு எண் கேட்கும் காரானால் அதை முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ரெசிஸ்டர் மோட்டாருக்குப் பக்கத்தில், காற்றுக் குழாயின் சுவரில் இரண்டு ஸ்குருக்களால் பிடிக்கப்பட்டிருக்கும். சற்று முன்புதான் ப்ளோயர் ஓடியிருந்தால் அது கை சுடும். வெளியே எடுத்து, மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து, முதலில் மீட்டரின் இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு வரும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் ஒவ்வோர் அளவிலிருந்தும் அதைக் கழிக்க வேண்டும். நல்ல ரெசிஸ்டரின் முனைகளுக்கிடையே சில ஓம்களோ அதற்கும் குறைவான பின்னமோ காட்டும். ஒரு முனையிலிருந்து எதற்குமே தொடர்பு இல்லையென்றால் வெப்ப ஃப்யூஸ் அறுந்திருக்கிறது.

அந்த வெப்ப ஃப்யூஸின் இடத்தில் ஒரு துண்டுக் கம்பியைச் சால்டர் செய்து ஓட்டிக் காட்டுபவர்கள் இருக்கிறார்கள். அதற்கு எக்காரணத்தாலும் சம்மதிக்காதீர்கள். பிரிட்டனில் வாக்ஸ்ஹால் ஜஃபிரா பி கார்கள் பல தீப்பிடித்ததைத் தொடர்ந்து 2015-இல் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள் திரும்ப அழைக்கப்பட்டபோது, வெப்ப ஃப்யூஸை முறையின்றிப் பழுதுபார்த்ததே காரணம் என்று நிறுவனம் கூறியது. ரெசிஸ்டரை மாற்றிய பிறகும் சில கார்கள் எரிந்தன. 2016-இல் மறுபடி அழைத்தபோது மோட்டாரையும் மாற்றி, தண்ணீர் இறங்காதபடி தடுப்பும் பொருத்த வேண்டியதாயிற்று. அந்நாட்டு நாடாளுமன்றக் குழு ஒன்று இதை விசாரிக்கும் அளவுக்குப் போனது. ரெசிஸ்டரைத் தனியாகப் பார்க்கக் கூடாது என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று எனக்குத் தெரியாது.

ரெசிஸ்டர் எரிவதற்கு இரண்டே காரணங்கள்தான் அடிக்கடி இருக்கும். புஷ் உலர்ந்தோ குப்பை சிக்கியோ மோட்டார் இறுகி, வழக்கத்தைவிட அதிக மின்சாரம் இழுத்திருக்கும். அல்லது ஃபில்டர் அடைத்துக்கொண்டு, ரெசிஸ்டரைக் குளிர்விக்க வேண்டிய காற்று வராமல் போயிருக்கும். புதிய ரெசிஸ்டரைப் போடும் முன் அடுத்த படியைச் செய்யாமல் விட்டால், நான் பட்ட ஐந்து வாரக் கதைதான்.

ஐந்தாவது படி: மோட்டாரை இறக்குவது

மோட்டாரை மூன்று ஸ்குருக்களோ சிறு போல்ட்டுகளோ பிடித்திருக்கும். மோட்டாருக்குக் காற்று கொண்டுவரும் சிறு ரப்பர் குழாய் இருந்தால் அதையும் கழற்றி, நேராகக் கீழே இறக்குங்கள். இறக்கும் முன் முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள். நம் ஊரில் தெருவில் நிற்கும் காரின் ப்ளோயருக்குள் எலிக் கூடு இருப்பது வியப்பே இல்லை. எலியின் சிறுநீரால் எலிக்காய்ச்சல் வரும் என்பதால், கிருமிநாசினி தெளித்து ஈரத்துணியால் துடைத்தெடுங்கள், ஊதித் தள்ளாதீர்கள்.

நான் இறக்கியபோது வந்தவை தூங்குமூஞ்சி மரத்தின் இலைகள். வேப்பிலையைக்கூட முன்கண்ணாடியின் அடியில் உள்ள சல்லடை பெரும்பாலும் தடுத்துவிடும். தூங்குமூஞ்சியின் சிற்றிலைகள் காய்ந்தபின் அதில் சுலபமாக நுழைந்துவிடுகின்றன. மழைநீரில் ஊறி, தூசியோடு கலந்து, விசிறியின் அடிக்கும் மோட்டார் உடலுக்கும் இடையே வரட்டி போலக் கெட்டியாகியிருந்தன. விசிறியைக் கையால் சுழற்றினால் அரைச் சுற்றுக்கூடப் போகவில்லை. நல்ல மோட்டார், உள்ளே உள்ள காந்தங்களின் லேசான இழுவை விரலில் தெரிந்தாலும், ஒரு சுண்டுக்குச் சில சுற்றாவது தடையின்றிச் சுழலும்.

விசிறியை மென்மையான பிரஷால் துடையுங்கள். இதழ்களில் சிறு உலோகக் கவ்விகள் மாட்டியிருந்தால் அவை சமநிலைக்காகப் போடப்பட்டவை. குப்பையென நினைத்துப் பிடுங்கிவிடாதீர்கள். தண்டு புஷ்ஷுக்குள் நுழையும் இடத்தில் ஒரே ஒரு சொட்டு மெல்லிய மெஷின் ஆயில் விடுங்கள். துரு நீக்கும் ஸ்ப்ரேயை அடித்தால் சத்தம் அன்றே நிற்கும். ஆனால் அது இருக்கும் எண்ணெயையும் கழுவிவிடுவதால் சில நாளில் இன்னும் மோசமாகத் திரும்பும். ஆயிலை அள்ளி ஊற்றினாலும் கெடுதல்தான், கார்பன் பிரஷ் வரை போய்ச் சேற்றைக் கட்டிவிடும்.

பிறகு மோட்டாரைத் தரையில் அசையாமல் பிடித்து, இடையில் ஒரு ஃப்யூஸ் வைத்த கம்பியால் நேராக 12 வோல்ட் பேட்டரியில் கொடுத்துப் பாருங்கள். பாசிட்டிவ், நெகட்டிவ் மாறினால் விசிறி எதிர்ப்பக்கம் சுற்றும் என்பதைக் கவனியுங்கள். அதிராமல், ஒரே சீராக ஓடினால் மோட்டார் நல்லது. தண்டை விரலால் பக்கவாட்டில் ஆட்டும்போது ஆட்டம் தெரிந்தால் புஷ் தேய்ந்துவிட்டது. அதற்கு மேல் அந்த மோட்டாருக்குச் செலவு செய்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பிரஷ் மட்டும் தேய்ந்திருந்தால் ரீவைண்டிங் கடையில் மாற்றித் தருபவர்கள் உண்டு. சென்னைப் புதுப்பேட்டை போன்ற இடங்களில் பழைய மோட்டார் கிடைக்கும். வெள்ளத்தில் மூழ்கிய காரிலிருந்து வந்ததாக இருக்கக்கூடும் என்பதால் முனைகளில் பச்சை பூத்திருக்கிறதா என்று பார்த்து, கடையிலேயே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

ஆட்டோமேட்டிக் ஏசி உள்ள காரானால்

இங்கே சுருள் ரெசிஸ்டருக்குப் பதிலாக டிரான்சிஸ்டர் அடங்கிய ஒரு கட்டுப்பாட்டு மாட்யூல் இருக்கும். ஓம் அளந்து அதைத் தீர்ப்புச் சொல்ல முடியாது. மோட்டாரை மேலே சொன்னபடி தனியே ஓட்டிப் பாருங்கள். அது நன்றாக ஓடி, கனெக்டருக்கு மின்சாரமும் எர்த்தும் சரியாக வந்தால் மாட்யூலைச் சந்தேகிக்கலாம். அதன் மெல்லிய சமிக்ஞைக் கம்பியில் நேராக 12 வோல்ட் கொடுத்துச் சோதிப்பது கன்ட்ரோல் யூனிட்டையே எரித்துவிடக்கூடும். இதற்கு மேல் காரின் மின்னணுக் குறைகளைப் படிக்கும் ஸ்கேனர் வைத்திருக்கும் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கொடுப்பதே செலவு குறைந்த வழி.

பூட்டுவதும் சரிபார்ப்பதும்

மோட்டாரை ஏற்றும் முன் முன்கண்ணாடியின் அடியில் உள்ள சல்லடையைத் திறந்து இலைகளை அள்ளுங்கள். அங்குள்ள தண்ணீர் வடியும் துளைகள் அடைத்திருந்தால் மழைநீர் ப்ளோயரின் மீதே இறங்கும். கேபின் ஃபில்டரைப் புதிதாகப் போடும்போது அதன் ஓரத்தில் உள்ள அம்புக்குறி காற்று ஓடும் திசையை நோக்கி இருக்கட்டும். மோட்டாரின் விளிம்பில் ஃபோம் பட்டையும், மோட்டாருக்குக் காற்று கொண்டுவரும் ரப்பர் குழாயும் பழையபடி உட்கார வேண்டும். ஸ்குருக்கள் பிளாஸ்டிக்கில்தான் இறங்குகின்றன, ஆகவே கை பலத்தைக் காட்டாதீர்கள்.

பேட்டரியை இணைத்து, என்ஜினை ஓடவிட்டு, குமிழை 4-இல் வைத்துப் பதினைந்து நிமிடம் விடுங்கள். பிறகு கனெக்டரைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடாக இருக்கலாம்; கை வைக்க முடியாத சூடு கூடாது. டிசி மின்சாரத்தை (பேட்டரி தரும் நேர்மின்சாரத்தை) அளக்கும் கிளாம்ப் மீட்டர் கிடைத்தால் கம்பியைச் சுற்றி மாட்டி ஆம்பியரைக் குறித்துக்கொள்ளுங்கள். சிறிய காரில் முழு வேகத்தில் பெரும்பாலும் 10 முதல் 20 வரை வரும். மலிவான கிளாம்ப் மீட்டர்களில் பல ஏசி மின்சாரத்தை (வீட்டுக்கு வரும் மாறுமின்சாரத்தை) மட்டுமே அளக்கும் என்பதை வாங்கும் முன் பாருங்கள். சாதாரண மல்டிமீட்டரின் 10 ஆம்பியர் துளையில் இந்த வேலையைச் செய்தால் மீட்டரின் ஃப்யூஸோ மீட்டரோ போகக்கூடும். எர்த் பக்கம் சுவிட்ச் உள்ள காரில் 4-ஆம் வேகத்தில் மோட்டாரின் நெகட்டிவ் முனைக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த்தோ சுவிட்சோ இன்னும் சரியில்லை.

என் காரில் இரண்டாவது ரெசிஸ்டரைப் போடும் முன் இலைகளை அள்ளி, புஷ்ஷுக்கு எண்ணெய் விட்டு, கனெக்டரை மாற்றினேன். ஒரு மாதம் கழித்து க்ளவ் பாக்ஸை இறக்கிக் கனெக்டரின் நிறத்தைப் பார்த்தேன், வெள்ளையாகவே இருந்தது. வண்டியை இப்போது அந்த மரத்தடியில் நிறுத்துவதில்லை.